ஒரே உரம், இரண்டு வயல்

(பழைய மாணவர் சங்கத்தின் ஆண்டுச் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"தானியப் பயிருக்கு உரம் எப்படி வேலை செய்கிறது என்று ஒரு இருபது நிமிஷம் பேசுங்க சார்" என்று விழாக் குழுவினர் கேட்டார்கள். மண்ணியல் தாளில் நான் வாங்கிய மதிப்பெண் இங்கே இருக்கும் நண்பர்கள் சிலருக்கு ஞாபகம் இருக்கும். அதை வெளியே சொல்லிவிட வேண்டாம் என்று முதலில் கேட்டுக்கொள்கிறேன். ஆகவே பாடம் நடத்தப் போவதில்லை. நான் செய்த ஒரு தவறைச் சொல்லப் போகிறேன். பாடம் அதற்குள்ளேயே இருக்கிறது.

1984ஆம் ஆண்டு. வேலைக்குச் சேர்ந்து மூன்றாவது வருஷம். ஏரிப் பாசனத்தில் இருந்த ஒரு கிராமம் என் பொறுப்பில் இருந்தது. அங்கே ஒரு பெரியவர். இரண்டு ஏக்கர் நஞ்சை. ஏரிக்கு அடுத்த பள்ளக்கால், கறுத்த மண். அவருடைய மைத்துனருக்கு அதே ஊரில், மேட்டுப்பக்கம், கிணற்றுப் பாசனத்தில் இரண்டு ஏக்கர் செம்மண். இருவருமே சம்பாவுக்கு ஐ.ஆர். 20 நட்டார்கள். இருவருமே என்னிடம் யோசனை கேட்டார்கள்.

நான் என்ன செய்தேன்? என் பையில் ஒரு துண்டுப் பிரசுரம் இருந்தது. ஹெக்டேருக்குத் தழைச்சத்து 100, மணிச்சத்து 50, சாம்பல் சத்து 50 கிலோ. அதை ஏக்கர் கணக்குக்கு மாற்றினால் 40 : 20 : 20. டி.ஏ.பி.யில் மணிச்சத்து 46 சதம், ஆகவே ஏறத்தாழ 44 கிலோ டி.ஏ.பி. அதிலேயே 18 சதம் தழைச்சத்தும் வந்துவிடுகிறது. மீதித் தழைச்சத்துக்கு யூரியா 70 கிலோ. பொட்டாஷில் 60 சதம், ஆகவே 33 கிலோ. கல்லூரியில் சொல்லிக் கொடுத்த கணக்கு தப்பவே இல்லை. இரண்டு பேருக்கும் ஒரே சீட்டில் எழுதிக் கொடுத்தேன். பெரியவரிடம் மட்டும், "கொஞ்சம் கூடுதலாவே டி.ஏ.பி. போடுங்க ஐயா, நல்லாத் தூர் கட்டும்" என்றும் சொல்லி வைத்தேன். அவரும் ஏக்கருக்கு இரண்டு மூட்டை போட்டுவிட்டார். அதற்காகத்தான் வீட்டுக்காரம்மாவின் சங்கிலி அடகுக்குப் போயிருக்கிறது என்று எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

நட்ட மூன்றாவது வாரம் ஆள் விட்டிருந்தார். போய்ப் பார்த்தால் பயிர் திட்டுத்திட்டாகக் குட்டையாக நிற்கிறது. இளம் இலையின் அடிப்பக்கத்து நடுநரம்பு வெளுத்திருக்கிறது. கீழ் இலைகளில் துரு பிடித்த மாதிரி பழுப்புப் புள்ளிகள். நான் பார்த்தது வெளுப்பை மட்டும்தான். "தழைச்சத்துக் குறைவுதான், ஏக்கருக்கு இன்னும் பதினைந்து கிலோ யூரியா வீசுங்க, தண்ணியை வத்த விடாதீங்க" என்று சொல்லிவிட்டு வந்தேன். பத்து நாள் கழித்துப் பார்த்தபோது பயிர் முன்னைவிட மோசம். வரப்பில் உட்கார்ந்திருந்த பெரியவர் எழுந்து நின்றார். அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"நீங்க சொன்ன மாதிரிதான் சார் போட்டேன். மச்சான் வயல்லயும் அதே மூட்டைதான். அங்க பச்சைப்பசேல்னு நிக்குது. எங்க மண்ணு மட்டும் என்ன சார் பாவம் பண்ணிச்சு?"

என்னிடம் பதில் இல்லை. அந்தக் கேள்விக்குப் பதில் தேடித்தான் அந்தச் சனிக்கிழமை பஸ் ஏறி இந்தக் கல்லூரிக்கு வந்தேன். கையில் வேரோடு பிடுங்கிய நாலு பயிர், ஒரு துணிப்பையில் மண்.

ஆய்வகத்தில் பொங்கிய மண்

எங்கள் மண்ணியல் பேராசிரியர் பயிரை ஒரு நிமிஷம் பார்த்தார். மண்ணில் ஒரு சிட்டிகையை எடுத்து, நீர்த்த அமிலத்தில் இரண்டு சொட்டு விட்டார். சோடா பாட்டில் திறந்த மாதிரி நுரைத்துப் பொங்கியது. சுண்ணாம்பு. கார அமில நிலை பார்த்தால் எட்டரைக்கு மேல். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"ஏன்டா, பயிரைப் பாத்த. மூட்டையைப் பாத்த. மண்ணை எப்படா பாத்த?"

துத்தநாகக் குறைவு. சுண்ணாம்பு நிறைந்த மண்ணில் துத்தநாகம் இருந்தாலும் பயிருக்குக் கிடைக்காது. தண்ணீர் எப்போதும் தேங்கி நின்றால் இன்னும் குறையும். மணிச்சத்தை அளவுக்கு மீறிக் கொட்டினால் மேலும் குறையும். பள்ளக்கால் மண்ணில் முதல் இரண்டும் ஏற்கனவே இருந்தன. மூன்றாவதை நான் எழுதிக் கொடுத்தேன். நாலாவதாகத் தண்ணீரை வற்றவிடாதே என்றும் சொல்லிவிட்டு வந்தேன். நோய்க்கு வேண்டிய பத்தியம் அத்தனையையும் தலைகீழாகச் சொன்ன வைத்தியன் நான்.

இது புதிய வியாதியும் இல்லை. பந்த்நகரில் நெற்பயிர் துருப்பிடித்துச் சாவதைப் பார்த்து, விவசாயிகள் 'கைரா' என்று சொன்ன அந்த நோய்க்குக் காரணம் கிருமி அல்ல, துத்தநாகக் குறைவு என்று டாக்டர் நேனே 1966ஆம் ஆண்டிலேயே எழுதிவிட்டார். எனக்கு அது பாடத்திலும் வந்தது. பரீட்சையில் எழுதினேன். வயலில் நின்றபோது ஞாபகம் வரவில்லை.

அரை சத துத்தநாக சல்பேட் கரைசலோடு ஒரு சதம் யூரியாவும் சேர்த்துத் தெளித்தோம், தண்ணீரையும் வடித்தோம். பயிர் பிழைத்தது. விளைச்சல் பிழைக்கவில்லை. ஏக்கருக்கு இருபது மூட்டை எடுக்கிறவர் ஒன்பது மூட்டை எடுத்தார்.

எது குறைவோ அதுதான் அளவு

மாணவச் செல்வங்களே, 'குறைந்தபட்ச விதி' என்று நீங்கள் படிக்கிறீர்கள். ஸ்பிரெங்கல் என்ற ஜெர்மானியர் முதலில் சொன்னார், பிறகு லீபிக் அதை உலகம் அறியச் செய்தார். உயரம் குறைந்த பலகை உள்ள பீப்பாய்ப் படத்தை நீங்களும் வரைந்திருப்பீர்கள். நம் வீட்டுக் கணக்கில் சொன்னால், பருப்பு, புளி, காய் எல்லாம் தாராளமாகப் போட்டு உப்புப் போடாத குழம்பு. இன்னும் இரண்டு கரண்டி பருப்புப் போட்டு அதைச் சரிசெய்ய முடியாது. பெரியவர் வயலில் நான் போடச் சொன்ன யூரியா அந்த இரண்டு கரண்டி பருப்புதான்.

ஆனால் இந்த விதியில் எழுதப்படாத ஒரு பாதி இருக்கிறது. எது குறைவு என்பதைப் பயிர் மட்டும் தீர்மானிப்பதில்லை, மண்ணும் சேர்ந்து தீர்மானிக்கிறது. நெல் ஒன்றுதான். ஆனால் ஒவ்வொரு மண்ணிலும் அதற்கு ஒவ்வொரு உப்பு குறைகிறது.

செம்மண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் சிவப்பே இரும்புதான். இரும்பும் அலுமினியமும் மணிச்சத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். மக்கு குறைவு, ஈரத்தைத் தாங்கும் சக்தியும் குறைவு. அதில் மானாவாரியாகக் கம்போ கேழ்வரகோ விதைத்தால், தழைச்சத்தை மட்டும் போட்டுப் பெரிய பலன் எதிர்பார்க்க முடியாது. நாங்கள் மாணவர்களாகக் கோவைக்குக் கல்விச் சுற்றுலா போனபோது, 1909ஆம் ஆண்டில் தொடங்கிய நிரந்தர உரப் பரிசோதனை வயலைக் காட்டினார்கள். ஒரு பாத்திக்கு ஒன்றுமே போடுவதில்லை, ஒன்றுக்குத் தழைச்சத்து மட்டும், ஒன்றுக்கு மூன்று சத்தும், ஒன்றுக்குத் தொழு உரம். இப்படியே வருஷக்கணக்காக. மணிச்சத்தே காணாத பாத்தியில் தழைச்சத்து மட்டும் போட்டும் பயிர் எழும்பவில்லை என்று அங்கே விளக்கினார்கள். நாங்கள் அந்தப் பாத்தி ஓரம் நின்று குரூப் போட்டோ எடுத்துக்கொண்டோம். பாத்தியைப் பார்த்ததைவிட கேமராவைப் பார்த்ததுதான் அதிகம். இங்கிலாந்தில் ராதம்ஸ்டெட் என்ற இடத்தில் 1843 முதல் இதேபோல் ஒரு கோதுமை வயல் இருக்கிறது. இத்தனை தலைமுறை மாறியும் இன்றும் விதைக்கிறார்கள், அறுக்கிறார்கள். ஒரு மண்ணை அறிய அவ்வளவு பொறுமை வேண்டியிருக்கிறது.

கரிசலுக்கு வாருங்கள். அங்கே மணிச்சத்தைப் பிடித்து வைப்பது இரும்பு அல்ல, சுண்ணாம்பு. சாம்பல் சத்து பொதுவாக மண்ணிலேயே நிறைய இருக்கும், அதற்குப் பொட்டாஷ் போட்டு உடனே பலன் தெரியவில்லை என்று விவசாயி சொன்னால் அவர் பொய் சொல்லவில்லை. யூரியாவை மேலாக வீசிவிட்டு வந்தால், கார மண்ணில் அதில் ஒரு பங்கு அம்மோனியாவாகிக் காற்றோடு போய்விடும். சோளத்துக்கு விதைக்கும்போதே உரத்தையும் ஈரம் இருக்கும் ஆழத்தில் விதைக்குப் பக்கத்தில் இறக்கினால், அதே மூட்டை அதிகம் விளைவிக்கும். மழை பொய்த்துவிட்டால் எந்த மூட்டையும் விளைவிக்காது. மானாவாரியில் குறைந்த பலகை பல வருஷம் தண்ணீர்தான்.

வண்டல் மண்ணில் நின்ற தண்ணீரில் நெல் என்றால் கதையே வேறு. தண்ணீர் தேங்கியதும் மண்ணில் காற்று இல்லாமல் போகிறது. அப்போது இரும்போடு கட்டுண்ட மணிச்சத்து அவிழ்ந்து வெளியே வரும். அதனால்தான் டெல்டாவில் சில வயல்களில் டி.ஏ.பி. போட்டதும் போடாததும் ஒன்றாக இருக்கிறது. அதே வயலில் தண்ணீர் வடிந்த பிறகு மக்காச்சோளம் போட்டுப் பாருங்கள், மணிச்சத்துக் கேட்கும். மண் மாறவில்லை, தண்ணீர் மாறியது.

அங்கே ஓயாமல் குறைவது தழைச்சத்து. யூரியா போட்டதில் நெல் எடுத்துக்கொள்வது பெரும்பாலும் மூன்றில் ஒரு பங்குதான். மீதி வாயுவாகப் போகிறது அல்லது தண்ணீரோடு போகிறது. ஒரே தடவையாகக் கொட்டாமல் அடியுரம், தூர் கட்டும் பருவம், கதிர் உருவாகும் பருவம் என்று பிரித்துப் போடச் சொன்னது இதற்காகத்தான். ஐந்து பங்கு யூரியா, நான்கு பங்கு ஜிப்சம், ஒரு பங்கு வேப்பம் பிண்ணாக்கு கலந்து ஒரு நாள் வைத்துப் போடச் சொல்லி நாங்கள் வரப்பு வரப்பாக நடந்தோம். 2015க்குப் பிறகு நாட்டில் தயாராகும் யூரியா பெரும்பாலும் வேப்ப எண்ணெய் பூசியே வருகிறது. நாங்கள் கையால் செய்ததை இப்போது ஆலையே செய்துவிடுகிறது. சந்தோஷம்தான்.

மணற்பாங்கான மண் ஓட்டைக் குடம். அங்கே தழைச்சத்து மட்டுமல்ல, சாம்பல் சத்தும் கீழே இறங்கிவிடும். கொஞ்சம் கொஞ்சமாக, அடிக்கடி ஊட்ட வேண்டிய குழந்தை அது. களர் நிலத்துக்கோ முதலில் வேண்டியது உரமே அல்ல. ஜிப்சமும் வடிகாலும் பசுந்தாள் உரமும் கொடுத்து மண்ணைத் திருத்தாமல் மூட்டையைப் பிரிப்பது வீண்.

இவ்வளவுக்கும் பிறகு, உரம் கூடக்கூட விளைச்சலும் கூடிக்கொண்டே போகாது. முதல் மூட்டை கொடுக்கும் அளவு இரண்டாவது மூட்டை கொடுக்காது. மூன்றாவது மூட்டை யூரியா பயிரைக் கரும்பச்சையாக்கி, காற்றில் சாயவைத்து, புகையானையும் இலைச்சுருட்டுப் புழுவையும் விருந்துக்கு அழைக்கும். பக்கத்து வயலைவிட நம் வயல் பச்சையாக இருக்க வேண்டும் என்ற கௌரவத்துக்கு நாம் கொடுக்கும் விலை அது.

இன்னொரு கணக்கும் சொல்லிவிடுகிறேன். ஒரு டன் நெல் விளைய, பயிர் மண்ணிலிருந்து தழைச்சத்தும் பொட்டாசியமும் ஏறத்தாழ 15 முதல் 20 கிலோ வீதம் எடுக்கிறது. தழைச்சத்தில் பெரும்பகுதி நெல்மணிக்குப் போகிறது. பொட்டாசியத்தில் ஐந்தில் நான்கு பங்கு வைக்கோலில் நிற்கிறது. வைக்கோலை லாரி ஏற்றி அனுப்புகிறவர் நிலத்தின் பொட்டாஷையும் சேர்த்தே விற்கிறார். விற்கட்டும், அது அவர் வீட்டுத் தேவை. ஆனால் போனதை யாராவது எழுதி வைக்க வேண்டாமா? 1992இல் மணி, சாம்பல் சத்து உரங்களின் விலைக் கட்டுப்பாட்டை நீக்கியபோது அவற்றின் விலை ஏறியது, யூரியா மட்டும் மலிவாக நின்றது. 'யூரியா போதும்' என்ற பழக்கம் அதன்பிறகு பல ஊர்களில் வேர்விட்டுவிட்டது. விவசாயியைக் குறை சொல்லி என்ன? கையில் இருக்கும் காசுக்குக் கடையில் எது கிடைக்கிறதோ அதைத்தானே வாங்குவார்.

வரப்போரத்தில் ஒரு பாத்தி

பெரியவரிடம் திரும்பி வருகிறேன்.

அடுத்த சம்பாவுக்கு முன்னால் அவர் வீட்டுக்குப் போனேன். போகவே கால் கூசியது. திண்ணையில் உட்காரவைத்து மோர் கொடுத்தார்கள். நடந்ததை மறைக்காமல் சொன்னேன். "தப்பு என்னோடதுதாங்க ஐயா. மண்ணைப் பாக்காம எழுதிக் கொடுத்துட்டேன்." அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "இப்பப் பாத்தாச்சுல்ல சார்? என்ன செய்யணும், சொல்லுங்க" என்றார். நாற்பது வருஷத்தில் எனக்குக் கிடைத்த எந்தச் சான்றிதழும் அந்த வார்த்தைக்கு ஈடாகாது.

ஏக்கருக்குப் பத்து கிலோ வீதம் துத்தநாக சல்பேட் என் சம்பளத்தில் வாங்கினேன். இருபது கிலோ மணலோடு கலந்து, நடவுக்குச் சற்று முன்னால் சமன்படுத்திய சேற்றின் மேல் ஏக்கருக்குத் தூவச் சொன்னேன். டி.ஏ.பி.யோடு அதைக் கலக்கவே கூடாது, இரண்டும் சேர்ந்தால் கரையாத பொருளாகிவிடும் என்று மூன்று தரம் சொன்னேன். டி.ஏ.பி.யைப் பாதிக்கும் கீழே குறைத்தோம். பேராசிரியர் சொல்லி அனுப்பியபடி, வரப்போரம் ஒரு பாத்திக்கு மட்டும் துத்தநாகம் போடாமல் விடக் கேட்டேன். அதற்கும் அவர் சம்மதித்தார்.

முப்பதாம் நாள் அந்தப் பாத்தி மட்டும் பழுப்பாக, மற்றதெல்லாம் பச்சையாக நின்றது. நான் யாரையும் கூட்டவில்லை. பெரியவரே ஊரைக் கூட்டிவந்து காட்டினார். "இதுதான் போன வருஷத்து வயலு, இதுதான் இந்த வருஷத்து வயலு" என்று வரப்பில் நின்று அவர் பேசிய பேச்சை எந்த விரிவாக்க அலுவலரும் பேச முடியாது. அந்த ஆண்டு ஏக்கருக்கு இருபத்திரண்டு மூட்டை. தை மாதம் சங்கிலி வீட்டுக்கு வந்தது.

போன வருஷம் அவர் இழந்த பதினோரு மூட்டை மட்டும் திரும்பி வரவில்லை. ஏக்கருக்குப் பதினோரு, இரண்டு ஏக்கருக்கு இருபத்திரண்டு மூட்டை. நான் அதை மறக்கவில்லை, மறக்கவும் விரும்பவில்லை.

இன்றைக்கு உங்களிடம் எங்களுக்கு இல்லாத கருவிகள் இருக்கின்றன. டாக்டர் ராமமூர்த்தி 1967இல் வகுத்த முறைப்படி, எத்தனை டன் விளைச்சல் வேண்டும் என்று முடிவு செய்து, மண் எவ்வளவு கொடுக்கும், மீதிக்கு உரம் எவ்வளவு என்று கணக்குப் போடலாம். நெல் இலையின் பச்சையை அட்டையோடு ஒப்பிட்டு, யூரியா இப்போது வேண்டுமா வேண்டாமா என்று வயலிலேயே சொல்லலாம். 2015இல் தொடங்கிய மண்வள அட்டைத் திட்டம் பல வீடுகளுக்கு ஒரு அட்டையைக் கொண்டு சேர்த்திருக்கிறது. ஆனால் நான் போகிற ஊர்களில் அந்த அட்டை பல வீட்டில் சாமி படத்துக்குப் பின்னால் செருகியிருக்கிறது. எடுத்து வாசித்து, "ஐயா, உங்க மேட்டு வயலுக்கு இது, பள்ள வயலுக்கு இது" என்று பிரித்துச் சொல்ல ஒரு ஆள் வேண்டும். அந்த ஆள் நீங்கள்தான்.

கடைசியாக சங்கத்துக்கு ஒரு விண்ணப்பம். பழைய மாணவர்கள் சேர்ந்தால் வளைவு கட்டுவோம், கல்வெட்டில் பெயர் போடுவோம். வேண்டாம் என்று சொல்லவில்லை. இந்த வருஷம் கல்லூரிப் பண்ணையில் ஆறு பாத்தி மட்டும் கேட்போம். ஒன்றுக்கு எல்லாச் சத்தும். ஒன்றுக்குத் தழைச்சத்து மட்டும் இல்லாமல். ஒன்றுக்கு மணிச்சத்து இல்லாமல். ஒன்றுக்குச் சாம்பல் சத்து இல்லாமல். ஒன்றுக்குத் துத்தநாகம் இல்லாமல். கடைசிப் பாத்திக்கு ஒன்றுமே இல்லை. ஒவ்வொரு பருவமும் அதே பாத்திக்கு அதே முறை. விதையும் உரமும் கூலியும் நாம் கொடுப்போம், என் பங்கை இன்றே பொருளாளரிடம் கொடுத்துவிடுகிறேன். நடவு, களை, அறுவடை, எடை எல்லாம் மாணவர்கள் செய்யட்டும். முதல் வருஷத்தில் வித்தியாசம் பெரிதாகத் தெரியாமல் போகலாம். பொறுத்துப் பாருங்கள். எந்தப் பாத்தி முதலில் தாழ்கிறதோ, அதுதான் இந்த மண் சொல்லும் முதல் வார்த்தை.

மாணவச் செல்வங்களே, அந்தப் பாத்தி ஓரம் நின்று குரூப் போட்டோ எடுங்கள், பரவாயில்லை. எடுத்து முடித்ததும் கீழே குனிந்து ஒரு பிடி மண்ணையும் எடுத்துப் பாருங்கள். நாளைக்கு ஒரு பெரியவர் வரப்பில் நின்று, "எங்க மண்ணு என்ன பாவம் பண்ணிச்சு?" என்று உங்களைக் கேட்கக் கூடாது. கேட்டாலும் பதில் சொல்லத் தெரிந்தவர்களாக நீங்கள் இருக்க வேண்டும்.